அப்பத்துக்கு முன்னால் ஒரு போன்

லாண்டரி அக்காவுக்குக் கோபம் வந்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கேட்காமல் போனால்தான் பயப்பட வேண்டும் என்பது அவளோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். சத்தம் போடுகிற கோபம் மதியச் சாப்பாட்டுக்குள் ஆறிவிடும். பொத்தானைத் தொலைத்துவிட்டாய் என்று வாயடிக்கிற வாடிக்கையாளரோடு காலையில் மல்லுக்கு நிற்பாள். சாயங்காலம் அதே ஆளுக்குப் புதுப் பொத்தான் தைத்துக் கொடுத்து அனுப்புவாள். ஆனால் வாயே திறக்காமல் ஒரு கோபத்தை உள்ளே மடித்து வைத்துவிட்டாள் என்றால், அப்பா சாமி, அது இஸ்திரி போட்டு அலமாரியில் அடுக்கிய துணி மாதிரி. எத்தனை நாளானாலும் கசங்காது.

அப்படி ஒரு கோபத்தைத் தன் கூடப்பிறந்த தம்பி மேல் வைத்திருந்தாள்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில், கல்லாப் பக்கம் கிடக்கும் அவள் போன் அடிக்கும். ஓட்டல்களிலிருந்து படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற நாள் அது. பின்கட்டில் மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், கடை முழுக்க ஆவி. அந்தச் சத்தத்திலும் போன் அடிப்பது அவளுக்குக் கேட்டுவிடும். எட்டிப் பார்ப்பாள். ‘தம்பி’ என்று திரையில் மின்னும். அந்தப் பெயரை அழிக்கவும் மனசு வரவில்லை, எடுத்துப் பேசவும் மனசு வரவில்லை. அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே நிற்பாள்.

“அக்கா, போன்” என்பார் ஸ்டீம். பிரஸ் போடுகிறவருக்கு ஸ்டீம் என்று பெயர் வைத்தது அக்காவின் கணவர். பெயர் வைத்தவர் போய்விட்டார், பெயர் நின்றுவிட்டது. ஸ்டீம் அவளைவிட மூத்தவர்தான். ஆனாலும் அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் அக்காதான்.

“எனக்குக் காது இருக்கு.”

“எடுத்துப் பேசுனா என்ன கொறைஞ்சிடப் போகுது.”

“நீ காலரைப் பாரு. நேத்து நீ போட்ட சட்டைல காலர் நாய்க் காது மாதிரி தொங்குது.”

ஸ்டீம் காலரைப் பார்ப்பார். காலர் நன்றாகத்தான் இருக்கும்.

நடந்தது இதுதான். அம்மா போய்ச் சேர்ந்தபோது தம்பிக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசுகூட ஆகவில்லை. குளிப்பாட்டி, தலை துவட்டி, ஊட்டி வளர்த்தது எல்லாம் அக்கா. ஊட்டுவது இருக்கிறதே, அது பெரும்பாடு. கொடுத்த வாயை மரியாதையாக வாங்கிக்கொண்டு கன்னத்தில் அடக்கிவிடுவான். விழுங்கவே மாட்டான். “முழுங்குடா, முழுங்குடா” என்று சொல்லிச் சொல்லியே அவள் தொண்டை காய்ந்துபோகும். அந்தப் பொடியன் வளர்ந்து லிஃப்ட் மெக்கானிக் ஆனான். ஒருநாள் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன ஒரு லிஃப்டைச் சரிசெய்யப் போன இடத்தில், உள்ளே மாட்டிக்கொண்டவர் ஒரு பாஸ்டர். கதவிடுக்கு வழியாக ஆரம்பித்த பேச்சு, லிஃப்ட் ஓட ஆரம்பித்த பிறகும் நிற்கவில்லை. அதற்கப்புறம் தம்பி ஞாயிறு தவறாமல் அவருடைய சபைக்குப் போக ஆரம்பித்தான். “மாட்டிக்கிட்டது பாஸ்டரா, நம்ம பையனா?” என்று அக்காவின் கணவர் கேலி பண்ணுவார்.

அக்காவுக்கும் சந்தோஷம்தான். சிகரெட் போயிற்று, கெட்ட வார்த்தை போயிற்று, முன்கோபம் போயிற்று. வாயை மட்டும் கடைசியில் கவனித்துக்கொள்ளலாம் என்று ஆண்டவர் தள்ளிப்போட்டுவிட்டார் போல. பார்த்த இடத்தில் எல்லாம் பிரசங்கம். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் தும்மினால் போதும், அதிலிருந்து ஆரம்பித்து மோட்சம் வரைக்கும் போய்விடுவான்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் கணவர் படுத்த படுக்கையானார். தம்பி தினமும் வேலை முடிந்து நேராகக் கடைக்கு மேலே இருக்கிற அவர்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். மாமாவுக்கு முகம் மழித்துவிடுவான், புரட்டிப் படுக்க வைப்பான், விரிப்பு மாற்றுவான். பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளையாக நின்றான். அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருநாள் சவரம் செய்து முடித்து, துண்டால் மாமாவின் தாடையைத் துடைத்துக்கொண்டே ஒரு வார்த்தையை விட்டான்.

“மாமா, நீங்க மட்டும் முழு மனசோட நம்பியிருந்தீங்கன்னா இந்நேரம் எழுந்து நடந்திருப்பீங்க.”

அக்கா கஞ்சிக் கிண்ணத்தோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவர் “அப்படியாடா?” என்று சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரமே போய்விட்டார்.

சாகக் கிடக்கிற மனிதனிடம், நீ சாவது உன் குற்றம்தான் என்று சொன்ன மாதிரி ஆயிற்றே. அந்த நினைப்போடுதானே அவர் கண்ணை மூடியிருப்பார்? அடக்கம் முடிந்து வந்தவர்கள் கலைந்துபோன பிறகு அவள் தம்பியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “இனிமே இந்தப் படியேறி வராத.” சத்தம் போடாமல் சொன்னாள். பக்கத்தில் நின்ற நாத்தனார், செத்தவரின் ஒரே தங்கை, “விடுங்க அண்ணி, பாசத்துல ஏதோ உளறிட்டான்” என்று குறுக்கே வந்தாள். வந்தவளுக்கும் விழுந்தது. “உனக்கென்ன போச்சு? வருஷத்துக்கு ஒரு தடவை நீ எட்டிப் பாக்குற அண்ணன்தானே.” நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளோடும் அன்றோடு பேச்சு நின்றது. தம்பி சொன்ன வார்த்தையை அக்கா ஒருநாளும் மறந்ததில்லை. தான் நாத்தனாரிடம் சொன்ன வார்த்தை அவளுக்கு ஒருநாளும் ஞாபகம் வந்ததில்லை. மனுஷ புத்தி அப்படித்தானே வேலை செய்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தம்பி உறவு அறுந்த பிறகு தம்பியின் சபைத் துணி கடைக்கு வர ஆரம்பித்தது. கொண்டுவந்தது பாஸ்டரம்மா. ஒடிசலான, எப்போதும் மூச்சு வாங்குகிற பெண்மணி. கவுண்டரில் ஒரு வெள்ளை மேசை விரிப்பை விரித்துக் காட்டினார். நீளமான பருத்தித் துணி. ஊதா ஊதாவாகத் திராட்சை ரசச் சொட்டுகள்.

“திருவிருந்து மேசைக்குப் போடறது, சிஸ்டர். மாசத்துல முதல் ஞாயிறு சபைல அப்பமும் ரசமும் பகிர்ந்துக்குவோம்ல, அதுக்கு. வீட்ல நானே துவைச்சேன். போகவே மாட்டேங்குது.”

“சோப்புப் போட்டீங்களா?”

“நல்லா அழுத்தித் தேய்ச்சேன்.”

“அதான் கெட்டுது. பழக்கறைல சோப்புப் பட்டா அது அங்கயே குடியிருந்துக்கும். குடுங்க இப்படி.” அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “சிஸ்டர் கிஸ்டர் எல்லாம் வேணாம். தெருவே அக்கான்னுதான் கூப்பிடுது” என்றாள்.

யாருடைய சபை என்று துணிப்பையில் எழுதியிருந்ததைப் பார்த்துத் தெரிந்துதான் வாங்கினாள். ஆள் மேல் இருக்கிற கோபத்தைத் துணி மேல் காட்டுவது அவள் தொழிலுக்கு அழகில்லை. வினிகர் கலந்த குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொரு சொட்டாக விரல் நுனியால் தட்டித் தட்டி எடுத்தாள். அடுத்த மாதமும் வந்தது, அதற்கடுத்த மாதமும் வந்தது. இத்தனை நேரம் நின்று வேறு எந்தத் துணிக்கும் அவள் கைவேலை பார்த்ததில்லை. ஏன் என்று ஸ்டீம் கேட்கவில்லை. கேட்டால் காலரைப் பார்க்கச் சொல்வாள் என்று அவருக்குத் தெரியும்.

ஒருமுறை துணியை வாங்கிக்கொண்டு போக வந்த பாஸ்டரம்மாவிடம் அவள்தான் பேச்சுக் கொடுத்தாள்.

“மாசாமாசம் ஒரே நேரத்துல போன் அடிக்குதே, அது என்ன கணக்கு?”

பாஸ்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கவுண்டர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். “எங்க சபைல ஒரு வழக்கம்க்கா. திருவிருந்துக்கு முன்னாடி இவர் சொல்லுவாரு, யாருக்காவது உங்க மேல வருத்தம் இருந்தா முதல்ல போய்ச் சரி பண்ணிட்டு வாங்க, மேசை எங்கயும் ஓடிப்போகாதுன்னு. சொல்லிட்டு உக்காந்துடுவாரு. நாங்க காத்திருப்போம். எல்லாரும் வராந்தால போய் நின்னு போன் பேசுவாங்க. ஒரே கூச்சலா இருக்கும். ஒருத்தர் மாமியாருக்கு, ஒருத்தர் மேனேஜருக்கு. ஒரு அம்மா மாசம் தவறாம பக்கத்து வீட்டுக்குத்தான் பண்ணுவாங்க. இந்த மாசம் மன்னிப்பு கேட்டா அடுத்த மாசத்துக்குள்ள திரும்பவும் சண்டை வந்துரும்.”

“என் தம்பியும் அங்க நின்னு பண்றான்.”

“ஆமாக்கா.”

“நான் எடுக்கலைன்னதும் உள்ள போய்ச் சாப்பிடுவான்.”

பாஸ்டரம்மா துணியின் மடிப்பைத் தடவிக்கொண்டார். “இல்லக்கா. கடைசி வரிசைல உக்காந்திருப்பாரு. அப்பத் தட்டு அவர்கிட்ட வரும்போது அப்படியே பக்கத்து ஆளுக்குக் குடுத்துருவாரு. நீ உன் பங்குக்குச் செஞ்சிட்ட, அது போதும், எடுத்துக்கோன்னு இவர் எவ்வளவோ சொல்லிப் பாத்தாரு. எங்க அக்கா முதல்ல போனை எடுக்கட்டும்னு சொல்லிடறாரு.”

அக்காவுக்குச் சுருக்கென்று வந்தது. பாவம் என்று இல்லை, கோபம்தான். பாஸ்டரம்மா போனபிறகு ஸ்டீமிடம் கத்தித் தீர்த்தாள். “பாத்தியா அவன் சாமர்த்தியத்த. இவன் பட்டினி கிடந்தா அதுக்கு நான் பொறுப்பா? நானா சாப்பிடாதன்னு சொன்னேன்? சின்னப் புள்ளைலயே இப்படித்தான், காரியம் ஆகணும்னா வாயில அடக்கிக்கிட்டு உக்காந்துருப்பான்.”

சத்தம் போட்டாள் அல்லவா, அதனால் ஸ்டீமுக்கு உள்ளூர நிம்மதி. அலமாரி லேசாகத் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த முதல் ஞாயிறு வந்தது. மெஷின்கள் ஓடின, ஆவி பறந்தது. வெயில் ஏறியது. போன் அடிக்கவில்லை.

அக்கா ஒருமுறை எட்டிப் பார்த்தாள். சார்ஜ் இருந்தது. சத்தமும் கூட்டி வைத்திருந்தது. ஒரு விரிப்பை மடித்தாள், மறுபடி பார்த்தாள். ஸ்டீம் தலையைத் தூக்கவே இல்லை. மனிதர் தன் ஆயுசில் முதல் தடவையாகக் காலரில் அவ்வளவு கவனமாக இருந்தார்.

“உன் போன்லேர்ந்து எனக்கு ஒண்ணு அடி” என்றாள் அக்கா.

அடித்தார். அடித்தது. போனில் கோளாறு இல்லை.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. இத்தனை மாதமும் அந்தப் போனை எடுக்காமல் இருக்க முடிந்தது, அது அடித்துக்கொண்டிருந்ததால்தான். அது அடிக்கிறவரைக்கும் தம்பி இருக்கிறான், நடமாடுகிறான், அவள் ஞாபகமாக இருக்கிறான். இப்போது? லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறுகிற பிழைப்பு. கயிறு, இரும்பு, மின்சாரம். போன் பண்ணிக் கேட்கலாம்தான். ஆனால் வேறு யாராவது எடுத்து, “நீங்க அவருக்கு யாருங்க?” என்று கேட்டுவிட்டால்? அந்த நினைப்பே அவளை உலுக்கிவிட்டது. அவள் கை போனைத் தொடவில்லை.

“மெஷினை எல்லாம் நிறுத்து. வீட்டுக்குப் போ” என்றாள்.

“விரிப்பெல்லாம் பாதில நிக்குதுக்கா.”

“நிக்கட்டும்.”

ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டு கிறீச்சென்று கத்தியது. அதற்கு எண்ணெய் போடுகிறவன் தம்பிதான். அவன் வராமல் போனதிலிருந்து அது இப்படித்தான் ஊரைக் கூட்டுகிறது. ஓங்கி ஓர் உதை விட்டாள். இறங்கியது.

சபை நடக்கிற இடத்தை அவள் பார்த்ததில்லையே தவிர, துணிப்பையில் எழுதியிருந்த விலாசம் அவளுக்கு மனப்பாடம். வாரநாட்களில் பிள்ளைகள் டேபிள் டென்னிஸ் ஆடுகிற ஹால் அது. மடக்கிய பச்சை மேசைகள் சுவரோரம் சாத்தியிருந்தன. பிளாஸ்டிக் நாற்காலிகளில் சனம் சும்மா உட்கார்ந்திருந்தது. பாட்டும் இல்லை, பிரசங்கமும் இல்லை. முன்னால் மேசை, அதன் மேல் அவள் கையால் வெளுத்த வெள்ளை விரிப்பு. அதைப் பார்த்ததும், அந்நிய வீட்டில் தன் வீட்டு ஆளைக் கண்டதுபோல் அவளுக்கு ஒரு தெம்பு வந்தது.

பாஸ்டரம்மா ஓடி வந்தார். “அக்கா! நீங்க இங்கயா வந்தீங்க?”

“என் தம்பி எங்க? அவனுக்கு ஒண்ணும் இல்லையே?”

“நல்லா இருக்காருக்கா. உங்களைத் தேடித்தான் போயிருக்காரு.”

நெஞ்சில் வைத்த கையை அக்கா எடுக்கவில்லை. பாஸ்டரும் எழுந்து வந்தார். வாரநாட்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற, தொப்பையும் சிரிப்புமான மனிதர். “இன்னிக்கு எல்லாரும் போனைத் தூக்கிட்டு எழுந்திரிச்சாங்க, அவன் எழுந்திரிக்கல. என்னப்பான்னு கேட்டேன். ‘பாஸ்டர், இத்தனை நாளா நான் இந்த அப்பத்துக்காகத்தான் அக்காவுக்குப் போன் பண்ணியிருக்கேன், அக்காவுக்காகப் பண்ணவே இல்ல’ன்னான். சொல்லிட்டு வெளிய போயிட்டான். பஸ்ல போயிருக்கான். அவன் வர்றவரைக்கும் நாங்க ஆரம்பிக்கிறதா இல்ல. உக்காருங்கம்மா.”

காட்டிய இடம் கடைசி வரிசையில் ஒரு காலி நாற்காலி. அவனுடையதுதான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் சட்டைக்கு மேல் போடுகிற கோட்டு அதன் முதுகில் தொங்கியது. காலர் கசங்கியிருந்தது. யார் துவைத்துப் போடுகிறார்களோ. அக்கா அதை நீவிவிட்டுக்கொண்டே உட்கார்ந்தாள்.

காத்திருக்கிற நேரத்துக்கும் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொருவராக ஆண்டவருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். பெரிதாக ஒன்றும் இல்லை. “என் முழங்கால் இன்னிக்குப் படியேறிச்சு” என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் ஆமென் என்றார்கள். “பக்கத்து வீட்டம்மா இந்த மாசம் போனை எடுத்துட்டாங்க” என்றாள் ஒருத்தி. சிரிப்போடு ஆமென். “என் மகனுக்குக் காய்ச்சல் விட்டுச்சு.” ஆமென். வரிசை நகர்ந்து நகர்ந்து அவளிடம் வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் சும்மா, தம்பியைத் தேடி வந்தேன்” என்றாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் முன்னால் அந்த விரிப்பு கண்ணில் பட்டது. “அந்தத் துணியை நான்தான் வெளுத்தேன். நல்லா வந்திருக்கு.”

“ஆமென்” என்றது மொத்தச் சபையும்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தனை வருஷத் தொழிலில் துணி நன்றாக வந்ததற்கு யாரும் ஆமென் சொன்னதில்லை. சிரிப்பு வந்தது. எழுந்து வராந்தாவுக்குப் போனாள். தம்பியைக் கூப்பிட்டாள்.

முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டான். “அக்கா?”

“எங்கடா இருக்க?”

“உன் கடை வாசல்ல. ஷட்டர் சாத்தியிருக்குக்கா. நான் வர்றதப் பாத்துட்டுத்தான் சாத்திட்டியோன்னு நினைச்சேன். பரவால்ல. நீ திறக்கணும்னு இல்ல. ஷட்டர் காதைக் கிழிக்குமே, பக்கத்துக் கடைல எண்ணெய் வாங்கிப் போட்டுட்டுப் போயிடலாம்னு உக்காந்து போட்டுட்டிருக்கேன்.”

“திறக்க நான் அங்க இருந்தாத்தானே.”

“பின்ன எங்க இருக்க?”

“உன் சபைல. உன் நாற்காலில. இத்தனை சனம் உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு, சீக்கிரம் வந்து சேரு.”

மறுமுனையில் எண்ணெய் டப்பா உருண்டு விழுகிற சத்தம் கேட்டது.

பஸ் வந்து சேர நேரமாகும். அவள் வராந்தாவிலேயே நின்றாள். சுவரில் சாய்ந்து ஒரு பெண் தன் மேனேஜரிடம், “இல்ல சார், நான் பேசின விதம் தப்பு, அதுக்குத்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, எங்கிருந்தோ வந்து நின்றது அந்த வார்த்தை. வருஷத்துக்கு ஒரு தடவை நீ எட்டிப் பார்க்கிற அண்ணன்தானே. அண்ணனைப் பறிகொடுத்து நின்றவளிடம் அல்லவா அதைச் சொன்னாள். தம்பியாவது அறியாமல் உளறினான். அக்காவோ, வலிக்க வேண்டும் என்றே சொன்னாள். தம்பியை இத்தனை காலம் வாசலில் நிறுத்திவைத்தவளுக்கு, தான் நிற்க வேண்டிய வாசல் ஒன்று இருப்பது தெரியவே இல்லை.

நாத்தனார் எண்ணைத் தேடி எடுத்தாள். அவள் போனை எடுக்க மாட்டாள் என்று அக்காவுக்கு உறுதியாகத் தெரியும். அவள் இடத்தில் தான் இருந்தால் எடுத்திருக்க மாட்டாள். எடுக்காவிட்டால் அடுத்த மாதம், அதற்கும் அடுத்த மாதம் என்று மனசைத் தயார் பண்ணிக்கொண்டு அழுத்தினாள்.

ஒரே மணி.

“அண்ணி! நல்லாயிருக்கீங்களா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

அவ்வளவுதான். தயார் பண்ணி வைத்திருந்ததெல்லாம் காணாமல் போய்விட்டது. “நான் அன்னிக்கு உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா” என்று மட்டும் எப்படியோ சொன்னாள்.

“அதை விடுங்க அண்ணி. நீங்க போன் பண்ணுனதே போதும். நானே பண்ணணும்னு எடுப்பேன், திட்டுவீங்களோன்னு பயந்து வச்சுருவேன்.” நாத்தனார் அழுதுகொண்டே சிரித்தாள். “அண்ணன் இருந்தா நம்ம ரெண்டு பேரையும் கேலி பண்ணியே கொன்னிருப்பாரு.”

போனை வைத்த பிறகும் அக்கா அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் எத்தனை மாதம் ஒருவனைக் காக்க வைத்தாள். அவளை ஒரு நொடிகூடக் காக்க வைக்கவில்லையே. இது எந்த ஊர் நியாயம்? நியாயமே இல்லை. நியாயம் பார்த்திருந்தால் அவளுக்கு இது கிடைத்திருக்காது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், மேலே பார்த்து, “ரொம்ப நன்றிங்க” என்றாள். கடைக்கு முதல் தடவை வருகிற பெரிய மனிதரிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னாள்.

தம்பி வந்தான். பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடியே வந்திருப்பான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கை இரண்டும் ஷட்டர் எண்ணெயில் கருப்பு. அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

“அக்கா, நான் மாமாகிட்ட சொன்னது தப்பு. ஆண்டவர் அப்படிப்பட்டவர் இல்ல. அவரைப் பத்தி எனக்கே அப்ப ஒண்ணும் தெரியல. தெரிஞ்ச மாதிரி மாமா தலையில போட்டேன். மாமா அதை நினைச்சுக்கிட்டே போயிருப்பாரேன்னு...”

“நிறுத்துடா.” அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் அவள் எடுத்துப் பார்க்காமல் அடியில் போட்டு வைத்திருந்த ஒன்று இருந்தது. அதை இப்போது எடுத்தாக வேண்டும். “நீ போனப்புறம் மாமா என்ன சொன்னாரு தெரியுமா? ‘பையன் புதுசா நீச்சல் கத்துக்கிட்டான், கரையில நிக்கிறவனை எல்லாம் தண்ணில தள்ளிப் பாக்குறான். நீ கோவிச்சுக்காத’ன்னாரு. உன் ஷேவிங் நல்லா இருக்குன்னு தாடையைத் தடவிப் பாத்துட்டுத் தூங்கிட்டாரு. அவருக்குக் கோபமே இல்லடா. இவ்வளவு நாளும் கோபப்பட்டது நான்தான், அவர் பேரைச் சொல்லிக்கிட்டு.”

தம்பி வராந்தாச் சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதான். அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அதற்குமேல் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

உள்ளே போனார்கள். பக்கத்திலிருந்தவர் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். பாஸ்டர் எழுந்து அப்பத்தைக் கையில் எடுத்து, நன்றி சொல்லி, பிட்டார். தட்டு ஒவ்வொரு வரிசையாக வந்தது. கடைசி வரிசைக்கு வந்தது. தம்பி கை நீட்டினான், நீட்டிய கையைப் பார்த்தான், பின்னுக்கு இழுத்துக்கொண்டான். விரல் முழுக்கக் கருப்பு. துடைத்துப் பார்த்தான். இன்னும் பரவியது. பழக்கதோஷத்தில் தட்டைப் பக்கத்து ஆள் பக்கம் காட்டினான்.

அக்கா தட்டை மறித்தாள். அப்பத்தில் ஒரு துண்டை எடுத்தாள்.

“வாயைத் திற.”

அவன் திறந்தான். வைத்தாள். வாங்கிக்கொண்டு அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். கண்ணீர் வழிகிறது, கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்கிறது, தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. அக்கா அவனையே பார்த்தாள்.

“முழுங்குடா” என்றாள்.

விழுங்கினான்.

அன்றைக்கு அவள் அப்பம் சாப்பிடவில்லை. சாப்பிடுகிற நாள் பிறகு வந்தது, அது எதற்கென்று அவளே கேட்டு, அவளே புரிந்துகொண்ட பின். பிரசங்கம் இன்றைக்கும் அவளுக்குப் பாதிதான் விளங்கும். மீதியைக் கடையில் வைத்துப் புரிந்துகொள்வாள். வாயடிக்கிற வாடிக்கையாளர் போனபிறகு, தான் பேசியதில் எது அதிகம் என்று யோசிக்கிறாள். யோசித்தால் போன் பண்ணிவிடுகிறாள். சத்தம் குறைந்ததா என்றால், இல்லை. தெருக்கோடிக்கு இன்னும் கேட்கத்தான் செய்கிறது. உள்ளே மடித்து வைப்பது மட்டும் நின்றுவிட்டது. ஒருநாள் ஸ்டீமைக் கூப்பிட்டு, “உன் காலர் எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள். மனிதர் இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் அலைந்தார்.

தம்பி அப்பம் வாங்கிய அந்த மாதத்து விரிப்பும் வழக்கம்போல் கடைக்கு வந்தது. ரசக் கறைகளைத் தட்டித் தட்டி எடுத்தாள். ஓரத்தில் கருப்பாக ஒரு கட்டைவிரல் தடம் இருந்தது. அன்றைக்கு எல்லாம் முடிந்து தம்பி மேசையை நகர்த்தியபோது பட்டது. ஸ்டீம் எட்டிப் பார்த்தார்.

“எண்ணெய்க் கறைக்கா. எடுத்துடுவீங்கல்ல?”

“எடுக்கலாம்” என்றாள் அக்கா. துணியை நான்காக மடித்து, தடம் உள்பக்கம் வருகிற மாதிரி வைத்து, மேலே தடவிவிட்டாள். “அது இருக்கட்டும்.”